மறைத்து விற்ற வீடு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்றை முதலில் படிக்கத் தருகிறேன். ஒரகடம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் அவர் எழுதியபடியே.

"அன்புள்ள வக்கீல் அக்காவுக்கு, என் வீட்டுக்காரர் ஒரகடம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஏழு வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, போன பங்குனியில் ஒரு பழைய வீட்டை 38 லட்சத்துக்கு வாங்கினோம். பேங்க் லோன் 28 லட்சம். மீதிக்கு அவரோட பி.எஃப். பணமும் என்னோட நகையும் போச்சு. பத்திரம் எங்க ரெண்டு பேர் பேரிலும் இருக்கு.

பார்க்கப் போனப்போ வீடு புதுசா பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்தது. பிளக் பாயிண்ட் எல்லாம் இடுப்புக்கு மேலே. பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் ரெண்டடி உயரத்தில் சிமென்ட் மேடை. 'குழந்தை கை எட்டாம நல்லா கட்டியிருக்காங்க'ன்னு நான்கூட சந்தோஷப்பட்டேன். 'மழைக்குத் தண்ணி நிக்குமா?'ன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். 'பதினோரு வருஷமா இருக்கேன் சார், வாசப்படி நனைஞ்சதில்லை'ன்னு அவர் சொன்னார். புரோக்கரும் பக்கத்தில்தான் இருந்தார்.

ஐப்பசி மழை ரெண்டு நாள்தான் பெய்தது. ஹாலில் முழங்கால் தண்ணி. செப்டிக் டேங்க் நிரம்பி பாத்ரூம் வழியா எல்லாம் உள்ளே வந்தது. எதிர்வீட்டு அம்மா, 'உங்களுக்குத் தெரியாதா? வருஷா வருஷம் இப்படித்தான். அதுக்குத்தானே அவர் மேடையே கட்டினார்'னு சொல்றாங்க. விற்றவர் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிட்டார். போன் செய்தால், 'மழை பெய்தால் தண்ணி வராம என்ன வரும்?'னு வெச்சுட்டார். சுவரெல்லாம் ஓதம். ஒன்றரை வயசுக் குழந்தைக்கு ராத்திரியில் இழுப்பு.

வீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பணத்தை வாங்க முடியுமா அக்கா? எங்க அத்தை, 'கோர்ட்டு கச்சேரி எல்லாம் நமக்கெதுக்கு? சித்திரையில் நல்லா வெள்ளை அடிச்சு வேற யாருக்காவது வித்துட்டுப் போயிடலாம்'னு சொல்றாங்க. அவரும் சரின்னு தலையாட்டறார். எனக்குத்தான் மனசு ஒப்பலை."

சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று. உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து கதவைத் தட்டாது. நீங்கள் சில விஷயங்களைக் காட்ட வேண்டும்; அவற்றைக் காட்டும் வழி பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

குதிரைக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம்

நம் நாட்டில் ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. மோசடி என்றால் என்ன என்று சொல்லும் அதன் 17-வது பிரிவில் ஒரு குதிரைக் கதையை உதாரணமாக வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஏலத்தில் தன் குதிரையை விற்கிறார். அதற்கு ஏதோ நோவு என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். வாங்குகிறவன் பார்த்து வாங்கட்டும் என்று விட்டுவிடுகிறது. ஆனால் வாங்குபவர், "நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, அதற்கும் விற்பவர் மௌனமாக இருந்தால் அப்போது அந்த மௌனமே பேச்சாகிவிடுகிறது, மோசடியாகிவிடுகிறது.

பத்து வருஷம் கழித்து, 1882-ல், சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. நிலத்தையும் வீட்டையும் அப்படி விட்டுவிட முடியாது என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 55-வது பிரிவின் ஆரம்பத்திலேயே விற்பவரின் கடமையைச் சொல்லிவிட்டார்கள். சொத்திலோ அதன் உரிமையிலோ முக்கியமான குறை ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைத் தானாகவே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு முடிகிறது. அது மட்டுமல்ல, சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் கேள்விகளுக்குத் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்வதும் விற்பவரின் கடமை.

குறை என்றால் விரிசல் விட்ட சுவர் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஹரியானாவில் அரசாங்க நிதிக் கார்ப்பரேஷன் ஒன்று, கடன் பாக்கிக்காக ஒரு தொழிற்சாலையை ஏலம் விட்டது. எடுத்தவர் பணம் கட்டிய பிறகு பார்த்தால், அந்த இடத்துக்குப் போகத் தனிப் பாதையே இல்லை! வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. இந்த 55-வது பிரிவைக் காட்டி, பாதை இல்லாததைச் சொல்லாமல் விட்டது தப்பு என்று 2009-ல் தீர்ப்பாயிற்று. ஏலம் எடுத்தவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. விற்றது ஒரு பெரிய அரசு நிறுவனம் என்பதற்காகக் கோர்ட் விட்டுவிடவில்லை.

மூன்று முடிச்சு

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றைக் காட்ட வேண்டும்.

ஒன்று, குறை முக்கியமானதா? வருஷா வருஷம் கழிவுநீரோடு முழங்கால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றால் அது சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல், "2015-ல் ஊரே மூழ்கியது, இவர் வீடு மட்டும் என்ன?" என்று கேட்பார். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அதனால் பெரிய வெள்ளத்தில் மட்டுமல்ல, சாதாரண ஐப்பசி மழைக்கே தண்ணீர் வருகிறது என்பதை நீங்கள் நிலைநாட்ட வேண்டும். இரண்டு நாள் மழைக்கே வந்தது என்கிறீர்கள். அந்த இரண்டு நாளும் எந்தத் தேதி என்று இன்றைக்கே எழுதி வையுங்கள்.

இரண்டு, அவருக்குத் தெரியுமா? இங்கேதான் அந்த மேடையும் பிளக் பாயிண்டும் உங்களுக்குச் சாட்சி சொல்லப்போகின்றன. தண்ணீர் வராத வீட்டில் யார் பிரிட்ஜுக்கு இரண்டடி மேடை கட்டுவார்கள்? தயவுசெய்து அவற்றை இடித்துவிடாதீர்கள். அவர் புதிதாக அடித்த பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே பழைய தண்ணீர்க் கோடு இருக்கும். அதையும் நீங்களாகச் சுரண்ட வேண்டாம். கோர்ட் அனுப்பும் ஆள் பார்க்கட்டும்.

மூன்று, உங்களால் கண்டுபிடித்திருக்க முடியுமா? இதுதான் வழக்கில் இறுக்கமான முடிச்சு. "மேடையைப் பார்த்தீர்களே, எதிர்வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று அவர் தரப்பில் நிச்சயம் சொல்வார்கள். வாங்குபவர் சாதாரண கவனம் எடுத்துக்கொண்டாரா என்று சட்டம் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறந்து கேட்டாரே! அந்த ஒரு கேள்வி உங்களுக்குப் பெரிய பலம். கேட்ட பிறகு, "வாசப்படி நனைஞ்சதில்லை" என்று ஒருவர் சொன்னால், அது மௌனம் அல்ல, தெரிந்தே சொன்ன பொய். கோட்டை மறைக்கப் பெயிண்ட் அடித்தார் என்றால் அது செயலால் மறைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, "நீ ஏன் சோற்றைக் கிளறிப் பார்க்கவில்லை?" என்று கேட்பதைக் கோர்ட் அவ்வளவு சுலபத்தில் ஏற்காது.

என்ன கேட்கலாம்?

மோசடியால் ஏமாந்தவருக்கு ஒப்பந்தச் சட்டம் இரண்டு வழி வைத்திருக்கிறது. வியாபாரமே வேண்டாம் என்று ரத்து செய்யச் சொல்லலாம். அல்லது வீட்டை வைத்துக்கொண்டு, அவர் சொன்னது நிஜமாக இருந்திருந்தால் நான் எந்த நிலையில் இருந்திருப்பேனோ அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவா என்று கேட்கலாம். அதாவது நஷ்ட ஈடு.

ரத்து என்பது ஆபீசில் போய் ஒரு மனு கொடுப்பதோடு முடிவதில்லை. பதிவான கிரயப் பத்திரத்தை நீங்கள் ஒரு பக்கமாக ரத்து செய்ய முடியாது. அவரும் சம்மதித்து வந்தால் பத்திர ஆபீசிலேயே காரியம் முடியும். இல்லாவிட்டால் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். பேங்கிடம் பத்திரம் அடமானத்தில் இருப்பதால் அவர்கள் கடனும் கணக்கில் வரும். வழக்கு நடக்கிறது என்பதற்காகத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். விற்றவர் செய்த தப்புக்குப் பேங்க் பொறுப்பாகாது. தவணை தவறினால் அவர்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

ரத்து கேட்பதென்று முடிவு செய்தால் இன்னொரு ஜாக்கிரதை. குறை தெரிந்த பிறகும் வீட்டை உங்கள் இஷ்டம்போல மாற்றிக் கட்டி, மாடி எடுத்து, வாடகைக்கு விட்டு வருஷக்கணக்கில் இருந்தால், நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். அப்போது நஷ்ட ஈடு ஒன்றுதான் மிஞ்சும். தண்ணீரைத் தடுக்க அவசரத்துக்குச் செய்யும் வேலை வேறு. அதைச் செய்யத்தான் வேண்டும். போட்டோ எடுத்துவிட்டு, பில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

மனதைத் திறந்து சொல்வதானால், இப்படிப்பட்ட வழக்குகளில் முழு ரத்தைவிட நஷ்ட ஈடு கிடைப்பது சுலபம். தரையை உயர்த்த, செப்டிக் டேங்கை மாற்ற, சுவர் ஓதத்தைச் சரிசெய்ய என்ன செலவாகும் என்று ஒரு பதிவு பெற்ற இன்ஜினீயரிடம் கையெழுத்தோடு எஸ்டிமேட் வாங்கி வையுங்கள். தண்ணீர் வரும் வீடு என்று தெரிந்திருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்றும் ஒரு மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள். ரத்தானாலும் ஈடானாலும் சமரசமானாலும் இந்தக் காகிதங்கள் தேவைப்படும்.

எத்தனை நாளுக்குள்? பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு, மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். அதற்காக மூன்றாவது வருஷம் வரை காத்திருக்காதீர்கள். நாள் ஆக ஆக சாட்சிகள் வீடு மாறிப் போவார்கள். தண்ணீர்க் கோடு அழிந்துபோகும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

முதலில் குழந்தை. ஓதம் ஏறிய சுவர் ஓரம் தொட்டில் வேண்டாம். கறுப்புப் பூஞ்சை இருக்கும் அறையில் படுக்க வைக்காதீர்கள். செப்டிக் தண்ணீர் கலந்த வீட்டில் போர் தண்ணீரை நம்ப வேண்டாம். குடிக்கவும் பாத்திரம் கழுவவும் கொதிக்க வைத்த தண்ணீரே. இழுப்புக்கு டாக்டரிடம் காட்டிய சீட்டையும் மருந்து பில்லையும் தூக்கி எறியாமல் வையுங்கள். அவையும் நஷ்டக் கணக்கில் சேரும்.

அடுத்து, போட்டோ, வீடியோ. தண்ணீர் நிற்கும்போதே தேதி தெரியும்படி எடுத்ததை மொபைலில் மட்டும் வைக்காமல் இன்னொரு இடத்திலும் பத்திரப்படுத்துங்கள். வீடு விற்பனைக்கு என்று புரோக்கர் அனுப்பிய விளம்பரம், படங்கள், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

எதிர்வீட்டு அம்மாவிடம் நயமாகப் பேசுங்கள். கோர்ட்டுக்கு வந்து சொல்வார்களா என்று கேளுங்கள். நாளைக்கும் அவர்கள் முகத்தில்தான் நீங்கள் விழிக்க வேண்டும்; வற்புறுத்த வேண்டாம்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. தண்ணீர் வருகிறது, வாய்க்காலைத் தூர்வாருங்கள் என்று உங்கள் தெருக்காரர்கள் பழைய வருஷங்களில் ஊராட்சிக்கோ கலெக்டருக்கோ மனு கொடுத்திருப்பார்கள். அதில் விற்றவரும் கையெழுத்துப் போட்டிருந்தால்? 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி அந்த மனுக்களின் நகலைக் கேட்டுப் பாருங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அவர் கையெழுத்து ஒன்று அதில் கிடைத்தால், "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்லவே முடியாது.

பிறகு வக்கீல் நோட்டீஸ். என்ன குறை, அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று தெளிவாக எழுதி, ஒப்புகை கிடைக்கும் தபாலில் பெங்களூர் விலாசத்துக்கு அனுப்பச் செய்யுங்கள். நோட்டீஸ் கண்டதும் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருபவர்கள் உண்டு. வராவிட்டால் வழக்கு. அதற்காக நீங்கள் பெங்களூர் போக வேண்டியதில்லை. சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அந்த எல்லைக் கோர்ட்டிலேயே போடலாம். வழக்கைப் போட்ட கையோடு, வீட்டைப் பார்வையிட ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்கும்படி மனு கொடுக்கச் சொல்லுங்கள். மழை நாளில் அவர் வந்து நேரில் பார்த்து எழுதும் அறிக்கை, நூறு போட்டோவுக்குச் சமம்.

போலீஸ்? தெரிந்தே பொய் சொல்லிப் பணம் வாங்குவது ஏமாற்றுக் குற்றம்தான். முன்பு 420 என்று சொல்வோமே, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 318-வது பிரிவு. புகார் கொடுக்கலாம். ஆனால் "இது சிவில் விஷயம்மா" என்று சொல்லி அனுப்புவதுதான் பல ஸ்டேஷன்களில் வழக்கம். அதை மட்டும் நம்பி சிவில் வழக்கைத் தள்ளிப்போட வேண்டாம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போய்ச் சத்தம் போடுவது அறவே கூடாது. நியாயம் உங்கள் பக்கம் இருக்க, வழக்கு உங்கள் மேல் வந்துவிடும்.

செலவுக்கு எங்கே போவேன் என்று நினைக்கிறீர்களா? 1987-ல் வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வக்கீலையும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும். பத்திரத்தில் உங்கள் பெயரும் இருப்பது இங்கே கைகொடுக்கிறது பாருங்கள். காஞ்சிபுரம் கோர்ட் வளாகத்தில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடித்து வைக்கும் லோக் அதாலத்தும் அங்கே உண்டு.

கம்பெனியிடம் வாங்கியவர்களுக்கு

இதைப் படிக்கும் மற்ற சகோதரிகளில் சிலர், தனி மனிதரிடம் இல்லாமல் கட்டுமானக் கம்பெனியிடம் புது பிளாட் வாங்கியிருப்பீர்கள். உங்களுக்கு வழி இன்னும் சுலபம்.

ரெரா என்று சொல்லும் ரியல் எஸ்டேட் சட்டம் 2016-ல் வந்தது. அதன்படி வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத் தரக் குறையோ தெரிந்து நீங்கள் சொன்னால், 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் நஷ்ட ஈடு கேட்கலாம். நிலத்தின் உரிமையிலேயே கோளாறு என்றால் அந்த நஷ்ட ஈட்டுக்குக் காலக்கெடுவே கிடையாது. விளம்பரத்தில் பொய் சொன்னதற்கும் தனியாகப் பிரிவு இருக்கிறது. சென்னையில் இருக்கும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். அல்லது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ரெரா வந்துவிட்டதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடவில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2020-ல் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் கெடு இரண்டு வருஷம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கு. சந்தேகம் கேட்க 1915 என்ற எண் இருக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இந்த இரண்டு வழியும் பொருந்தாது. தன் சொந்த வீட்டை விற்ற தனி மனிதர் வியாபாரியும் அல்ல, பில்டரும் அல்ல. அவருக்கு 1882-ஆம் வருஷச் சட்டமும் சிவில் கோர்ட்டும்தான்.

கட்டடக் குறை என்பதை வெறும் பண விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்திலேயே, குன்றத்தூர் போகும் வழியில் மௌலிவாக்கத்தில், 2014 ஜூன் 28-ந் தேதி கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நாளில் சரிந்தது. 61 பேர் போனார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே வீடு வாங்கப் பணம் கட்டியிருந்தவர்களும் நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்கள்தான்.

அத்தை சொன்ன யோசனை

இப்போது இரண்டாவது கேள்வி. உங்கள் அத்தை கெட்டவர் இல்லை. பேரனின் இழுப்பையும் மகனின் கடனையும் பார்த்துப் பதறிச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த யோசனையை ஏற்றால் என்ன ஆகும் என்று பொறுமையாக அவரிடம் சொல்லுங்கள்.

இன்றைக்கு நீங்கள் ஏமாந்தவர். சித்திரையில் வெள்ளை அடித்து, சொல்லாமல் விற்ற மறுநாள் நீங்கள் ஏமாற்றியவர். அதே 55-வது பிரிவு உங்கள் மேல் பாயும். பெங்களூர்க்காரராவது "எனக்குத் தெரியாது" என்று சாதிக்கப் பார்க்கலாம். உங்களால் அதுகூட முடியாது. எதிர்வீட்டு அம்மா அங்கேயேதான் இருக்கிறார். அடுத்த ஐப்பசியில் புதிதாக வந்தவளிடமும் அவர் உண்மையைச் சொல்வார். அந்தப் பெண்ணும் நகையை வைத்துத்தான் வாங்கியிருப்பாள். அவள் கையிலும் ஒரு குழந்தை இருக்கும். உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியாகத்தான் சொல்கிறது.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் வரும் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு, அதைப் பத்திரத்திலும் எழுதி விற்கலாம். தரையை உயர்த்தித் தொழில் செய்ய, கிடங்கு வைக்க வாங்குவோரும் அந்தப் பக்கத்தில் இருப்பார்கள். விலையில் விழும் துண்டை விற்றவரிடம் நஷ்ட ஈடாகக் கேட்க முடியுமா என்று, விற்கும் முன்னால் உங்கள் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்

இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை 1998-லும், ஒரகடத்தில் 2010-லும் உற்பத்தியைத் தொடங்கின. கூடவே நகர்களும் வந்தன. செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும்படி பெரியவர்கள் வெட்டி வைத்த ஊர் இது. ஆதனூர், மணிமங்கலம், படப்பை, சோமங்கலம் என்று ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் அடையாற்றுக்குத்தான் போயாக வேண்டும். நடுவில் வாய்க்காலை மூடி மனை போட்டிருந்தால், தண்ணீர் அந்த மனை வழியாகவே போகும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

* வீட்டை ஒரு முறையாவது மழை நாளில் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் படி எத்தனை, பிளக் பாயிண்ட் எவ்வளவு உயரம் என்று கவனியுங்கள். இஸ்திரி போடுபவர், பால் போடுபவரிடம் கேளுங்கள். புரோக்கர் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

* வில்லங்கச் சான்று, பட்டாவோடு நிற்காமல், 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். மனையை ஒட்டி ஏரி, தாங்கல், வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறதா என்று அவற்றில் தெரியும்.

* அரசாங்கம் நிலம் எடுக்கும் அறிவிப்பு ஏதாவது உண்டா என்று தாலுகா ஆபீசில் விசாரியுங்கள். சிப்காட், சாலை, 2022-ல் அறிவித்த பரந்தூர் விமான நிலையம் என்று இந்தப் பக்கத்தில் எடுப்பு அதிகம். நோட்டீஸ் வந்ததை மறைத்து விற்பதும் குறையை மறைப்பதுதான்.

* மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு உருவான அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகள் 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் சேரவில்லை. "பிறகு பார்த்துக்கலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

* கேள்விகளை வாயால் கேட்டதோடு விடாமல், அவர் போனுக்கு மெசேஜாக அனுப்பிப் பதிலை வாங்குங்கள். தண்ணீர் வருமா, செப்டிக் டேங்க் எப்படி, போர் தண்ணீர் எப்படி, கட்டடத்தில் விரிசல் பூசியதுண்டா, சொத்தின் மேல் வழக்கு உண்டா? ஐந்தே கேள்விகள் போதும்.

* விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில்லை என்றும், எனக்குத் தெரிந்த குறை எதையும் மறைக்கவில்லை என்றும் உறுதி கூறுகிறேன், மாறாகத் தெரியவந்தால் நஷ்டத்துக்கு நானே பொறுப்பு." நேர்மையான ஆள் தயங்காமல் கையெழுத்துப் போடுவார். தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

* "சொத்தை உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியடைந்து வாங்கினேன்" என்று பத்திரம் எழுதுபவர் வழக்கமாக ஒரு வரி போடுவார். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரி மோசடியை முழுக்கக் காப்பாற்றிவிடாது என்றாலும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் உரக்கப் படிப்பார்.

பத்திர விஷயமெல்லாம் வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் நாள் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போவது நாம்தான். எங்கே ஓதம் ஏறும், எங்கே வடிகால் அடைக்கும் என்று ஒரு சுற்றுச் சுற்றினாலே நமக்குத் தெரிந்துவிடும். அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஒரகடம் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரத்துக்குள் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போய்வாருங்கள். பத்திர நகல், லோன் பேப்பர், போட்டோ, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். அத்தையையும் கூட அழைத்துப் போங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று அவரும் நேரில் கேட்கட்டும். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த இதழில், மாமனார் உயில் எழுதாமல் காலமான வீட்டில் மருமகளுக்கு என்ன உரிமை என்று பார்ப்போம்.